கும்பகோணத்தில் 936: தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ

கும்பகோணத்தில் வீட்டு முன் அறையையே தையல் கடையாக வைத்து நடத்துகிறேன். ரவிக்கை, சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ், பீகோ, அவ்வளவுதான். இந்த வேலையில் கண்ணுக்கும் கைக்கும் காலுக்கும் ஓய்வே கிடையாது, காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு என்ன போடலாம் என்று பலதையும் முயன்று பார்த்துவிட்டு நான் வந்து நின்ற இடம் திருச்சி வானொலி, மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். கூடவே போனில் ஆகாசவாணியின் ‘ராகம்’ அலைவரிசை. இரண்டையும் வருஷக்கணக்கில் கேட்டு வருகிறேன். முறையாகச் சங்கீதம் கற்றவள் இல்லை. அதனால் இதை ஒரு ரசிகரின் விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவி தையலுக்கு ஆகாது. கண் அந்தப் பக்கம் போனால் ஊசி விரலில் இறங்கும். சினிமாப் பாட்டு எஃப்.எம். கொஞ்ச நாள் ஓடியது. பாட்டுக்குப் பாட்டு விளம்பரம், நடுநடுவே கத்தல், மத்தியானத்துக்குள் தலைவலி. அப்புறம் போனில் பாட்டுச் செயலிகள். அதில் வேறு தொல்லை. நாம் கேட்டதையே வைத்து அடுத்ததைப் போடுவதால், ஒரு மாதத்தில் என் உலகம் முப்பது நாற்பது பாட்டாகச் சுருங்கிவிட்டது. பிடிக்காததை மாற்றச் சாக்பீஸ் படிந்த விரலோடு திரையைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரேடியோவில் அந்த வேலையே இல்லை. அவர்கள் போடுவதுதான் பாட்டு, அவர்கள் பேசுவதுதான் பேச்சு. நானாகத் தேடிப் போயிருக்கவே மாட்டாத விஷயங்கள் என் காதில் விழுந்தது இதனால்தான்.

முதலில் செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலும் கரண்டிலும் ஓடும் சாதாரண செட்தான் என்னிடம் இருப்பது. வாங்கி வைத்த அன்றே பிரச்சினை வந்தது. மிஷின் மோட்டாரின் பெடலை மிதித்தால் ‘கர்ர்ர்’ என்று ஒரே இரைச்சல், காலை எடுத்தால் பாட்டு. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டு சுற்றும்போது நுண்ணிய பொறி எழும்பும். அந்தப் பொறி மத்திய அலை முழுக்க இரைச்சலாகப் பரவுகிறது. பண்பலையில், அதாவது எஃப்.எம்.மில், இது அவ்வளவாகத் தெரியாது, மத்திய அலை மட்டும் எல்லாக் குப்பையையும் வாங்கிக்கொள்ளும். மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாம் இதே கதை.

தீர்வு செட்டுக்குள்ளேயே இருக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் மேல்பக்கம், நீளவாக்கில், சுண்டுவிரல் பருமனில் கறுப்பாக ஒரு ஃபெரைட் தண்டு இருக்கும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி. மத்திய அலைக்கு ஆண்டெனா அதுதான். வெளியே இழுத்து நீட்டுகிறோமே அந்தக் கம்பிக்கும் மத்திய அலைக்கும் சம்பந்தம் இல்லை, அது பண்பலைக்கு. ஃபெரைட் தண்டின் இரண்டு முனைப் பக்கமிருந்தும் வரும் அலை அதற்குச் சரியாகக் கேட்காது. குறுக்கே வருவது நன்றாகக் கேட்கும். எங்களுக்குத் திருச்சி மேற்கே இருக்கிறது. ஆகவே செட்டின் முகம் மேற்கையோ கிழக்கையோ பார்க்க வேண்டும், பக்கவாட்டு முனை மிஷினைப் பார்க்க வேண்டும். மிஷினைத் தெற்குச் சுவரோரம் நகர்த்தி, செட்டை வடக்கு ஜன்னல் திட்டில் வைத்து, ஒரு விரல் ஒரு விரலாகத் திருப்பிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் மோட்டார் சத்தம் சட்டென்று அடங்கி, பாட்டு மட்டும் நின்றது. அந்த இடத்தில் திட்டின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். துடைக்கும்போது செட் நகர்ந்தாலும் மறுபடி கோட்டில் வைத்தால் போதும்.

முழுசாக இரைச்சல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நல்ல ஆலாபனை தொடங்கினால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொக்கி வைப்பது, ஹெம்மிங் என்று கைவேலையை எடுத்துக்கொள்வேன். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் பெடல். மிருதங்கத்துக்கு மிஷின் சத்தம் ஒன்றும் பெரிய இடைஞ்சல் இல்லை. வித்வான்கள் மன்னிக்க வேண்டும்.

விடிகாலையில் ஒலிபரப்பு தொடங்கும் முன் ஆகாசவாணியின் அடையாள இசையாக வரும் அந்தத் தம்புராவும் வயலினும் எல்லாருக்கும் தெரியும். அதை அமைத்தவராக அறியப்படுபவர் வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டு யூதர். ஐரோப்பாவிலிருந்து 1934இல் பம்பாய்க்கு வந்து, அங்கே வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர். சிவரஞ்சனி சாயலில் இருக்கும் அந்தச் சிறு துண்டை எங்கிருந்தோ வந்த ஒருவர் போட்டுவிட்டுப் போக, மூன்று தலைமுறை அதைக் கேட்டுக் கண் விழித்திருக்கிறது. வந்தே மாதரம், அப்புறம் மங்கள இசை.

மங்கள இசைக்கு இந்தப் பக்கத்தில் தனி அர்த்தம் உண்டு. நாதஸ்வரத்துக்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, ஸ்ரீரங்கத்தில் வந்து தங்கிவிட்ட ஷேக் சின்ன மௌலானா, ரக்தி வாசிப்புக்குப் பேர்போன செம்பனார்கோயில் பரம்பரை. தவிலுக்கு வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, ஹரித்துவாரமங்கலம் பழனிவேல். இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் எங்களுக்கு டவுன் பஸ் போர்டில் இருப்பவை. கோயிலில் நேரில் வாசிக்கும்போது தவில் சத்தத்தில் நாதஸ்வரத்தின் நெளிவு பாதி காதில் விழாது. ரேடியோவில் நாதஸ்வரம் முன்னால் நிற்கும். சண்முகப்பிரியாவில் ஒரு பிடியை எப்படி வளைத்து இறக்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது கோயில் வாசலில் இல்லை, வாசல் தெளிக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்டுத்தான்.

காலைக் கச்சேரிதான் என் நாளின் முக்கியமான பகுதி. வானொலிக் கச்சேரி சின்னது. சபாவில் இரண்டரை மணி நேரம் பாடுகிற வித்வானுக்கு இங்கே கிடைப்பது அரை மணியோ ஒரு மணியோதான். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரை மணிக்குள் ஒரு சின்ன கீர்த்தனை, ஆலாபனையோடு ஒரு பெரிய உருப்படி, கொஞ்சம் ஸ்வரம், கடைசியில் துக்கடா என்கிற ஒரு சின்னப் பாட்டு என்று அடக்க வேண்டும் என்றால், சுற்றி வளைக்க இடமில்லை. ராகத்தின் முகத்தை முதல் நிமிஷத்திலேயே காட்டியாக வேண்டும். பொன்னாடை கிடையாது, சிறப்பு விருந்தினர் உரை கிடையாது, முன் வரிசையில் வந்து உட்காருகிறவருக்காகப் பாட்டு நிற்பதும் கிடையாது.

பாடுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு தரம் இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. வானொலியில் பாட குரல் தேர்வில் தேற வேண்டும். பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு. மேல் கிரேடுகளுக்குப் பதிவை மட்டும் கேட்டு, பாடியவர் யார் என்று தெரியாமலே மதிப்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட ‘ஆல் இந்தியா ரேடியோ ஏ கிரேடு’ என்று போட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பி ஹை என்றால் மட்டமாக நினைக்க வேண்டாம். சபா மேடைகளில் பேர் வாங்காத, கிராமத்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் சாவேரியைப் பாடி என்னைக் கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் செய்திருக்கிறார். சென்னை டிசம்பர் சீசனில் இவர்கள் பெயரைப் பார்க்க முடியாது. ரேடியோவை விட்டால் இவர்களைக் கேட்க வேறு வழியும் இல்லை.

இதே வானொலி ஆர்மோனியத்தை 1940இலிருந்து 1971 வரை தள்ளி வைத்திருந்தது என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. கட்டை கட்டையாக நிற்கும் ஸ்வரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, வராது என்பது அவர்கள் வாதம். சங்கீதத்தின்மேல் கண்டிப்பான ஒரு வாத்தியார்த்தனம் அந்த இடத்துக்கு எப்போதும் உண்டு. சில நேரம் அது எரிச்சல், பெரும்பாலும் எனக்கு லாபம்.

லாபம் என்னவென்றால் அறிவிப்பு. ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ராகம், தாளம், இயற்றியவர் மூன்றையும் சொல்லிவிடுகிறார்கள். ‘ராகம் கரகரப்பிரியா, தாளம் ஆதி, இயற்றியவர் தியாகராஜர்.’ நாள்தோறும் இதைக் கேட்டால் படிக்காமலே பாதி பாடம் ஏறிவிடும். என்னிடம் காஜா எடுக்க, பட்டன் வைக்க வரும் பெண் ஒருத்தி. வந்த புதிதில், “அக்கா, இதை மாத்துங்களேன், தூக்கம் வருது” என்பாள். ஒரு நாள் தாமதமாக உள்ளே நுழைந்தவள் நின்று கேட்டுவிட்டு, “இது ஹிந்தோளம்தானே அக்கா?” என்றாள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சுத்த தன்யாசி என்றார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தச் சந்தேகமே நல்ல சந்தேகம். இரண்டும் ஐந்து ஸ்வர ராகங்கள், நான்கு ஸ்வரம் ஒன்றேதான். ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, சுத்த தன்யாசியில் தைவதம் கிடையாது. பஞ்சமம் வந்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இதைச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, ஒரு மத்தியான நேரத்து இசை விளக்கப் பேச்சு. இப்போது அவள் என்னைவிட வேகமாகச் சொல்கிறாள், அதற்காகக் கூலி உயர்த்தச் சொல்லவில்லை என்பதுதான் ஆறுதல்.

பேச்சுக்கு வருகிறேன். சங்கீதத்தைவிட இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

பேச்சைக் கேட்க எந்த வேலை ஆகும், எது ஆகாது என்று ஒரு கணக்கு உண்டு. கட்டிங் செய்யும்போது பேச்சு கேட்கவே கூடாது. அளவு ரவிக்கையைப் போட்டு, அங்குலம் எழுதி, மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் யாராவது ‘நூற்றுக்கு முப்பத்தைந்து’ என்று சொன்னால் அது நேராகத் துணியில் வந்து உட்கார்ந்துவிடும். கட்டிங்குக்கு வாத்திய இசை, முடிந்தால் வீணை. ஃபால்ஸ் அடிப்பது, ஹெம்மிங், ஓரம் மடிப்பது இதற்கெல்லாம் பேச்சு. கை தானாக ஓடும், காது கேட்கும்.

இப்படிக் கேட்டதில் மனசில் நின்றவை எத்தனையோ. தென்னையில் காண்டாமிருக வண்டு வந்தால், நடுக்குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் மூன்று அந்துருண்டையைப் போட்டு மேலே மணலால் மூடச் சொன்னார் ஒரு வேளாண் அதிகாரி. நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை. புடவைப் பெட்டியில் போடும் அதே நாப்தலீன்தான். எங்கள் கொல்லையில் இருக்கும் இரண்டு மரத்துக்கும் இன்றுவரை அதைத்தான் செய்கிறோம்.

இன்னொரு நாள் ஒரு மருத்துவர் பாம்புக்கடியைப் பற்றிப் பேசினார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் முறிமருந்து, ஆகவே கடித்த பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் இல்லை என்றார். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் தெரியாது, விடியும்போது வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள், இமை தொங்கும். கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பத்து நிமிஷம்கூட இருக்காது அந்தப் பேச்சு. பாய் போட்டுத் தரையில் படுக்கிற வீடுகள் நிறைந்த ஊரில் இதைவிட உருப்படியான பத்து நிமிஷம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் பாறையில் ஸ்வர எழுத்துகளாகவே ஒரு கல்வெட்டு இருப்பதும் ரேடியோ பேச்சில்தான் எனக்குத் தெரிய வந்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள், பல்லவ கிரந்தத்தில் வெட்டியது. பாட்டின் சொல் இல்லை, ஸ்வரக் கோவை மட்டும். ஒரு மாசிமகக் கூட்டம் ஓய்ந்த சமயம் பார்த்துப் போய் வந்தோம். குடைவரை பக்கத்தில் வெயிலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு எழுத்தும் நமக்குப் புரியாது. ஆனால் கேட்டுவிட்டுப் போனதால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்தது. காவலாளி அய்யா, “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார்.

குறையும் இங்கேதான். வானொலிப் பேச்சு முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கி வாசிப்பது. நன்றாகப் பேசுகிறவர்கூடத் தாளைப் பார்த்ததும் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடுகிறார். ‘மருந்தினை உட்கொள்ளுதல் வேண்டும்’, ‘அன்னார்’, ‘இதன்பொருட்டு’ என்று வரும்போது நான் கத்தரிக்கோலைத் தேடத் தொடங்கிவிடுவேன். அதே ஆளை அறிவிப்பாளர் கேள்வி கேட்டுப் பேட்டியாக எடுத்தால் பேச்சு மனுஷப் பேச்சாக இருக்கும். எழுதி வாசித்தும் கேட்கச் செய்ய முடியும் என்று காட்டியவர் தென்கச்சி சுவாமிநாதன். ‘இன்று ஒரு தகவல்’ வரும் நேரத்தில் தெருவில் நடந்து போனால் வீட்டுக்கு வீடு அந்தக் குரல்தான். ஒரு தகவல், ஒரு குட்டிக் கதை, சிரிக்காமல் ஒரு நகைச்சுவை, முடிந்தது. அவர் வானொலியில் தொடங்கியது திருநெல்வேலியில், விவசாய நிகழ்ச்சிகளில். உழவர்களிடம் பேசிப் பழகிய நாக்கு, அதனால்தான் அந்த எளிமை என்று நினைக்கிறேன். 2009இல் அவர் போனதற்கு அப்புறம் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

விவசாய ஒலிபரப்பு என்றதும் எங்கள் பக்கத்துப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். அறுபதுகளில் அங்கே வந்த ஆடுதுறை 27 என்ற குறுவை ரகத்தைத் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு திரும்பத் திரும்ப விளக்கியது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம், எப்போது களை. தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அது பரவி, ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. ஆராய்ச்சி நிலையம் கொடுத்த எண் யாருக்கும் வாயில் வரவில்லை. என் மாமனார் வாயால் கேட்டிருக்கிறேன், “அப்போ நாங்க போட்டது ரேடியோ நெல்லு.” சாயங்காலம் பண்ணை ஒலிபரப்பு வரும்போது எனக்கு நிலமில்லையே என்று அணைப்பதில்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா திறக்காதா என்பது என் தொழிலுக்கும் சேதிதான். குறுவை கண்டால் தீபாவளிக்குத் தைக்கக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பழைய ரவிக்கையைப் பிரித்துத் தைக்கக் கொடுப்பார்கள்.

மாணவர்களுக்கான கல்வி ஒலிபரப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம் அதிகம். ஞானவாணி 105.6 இருந்தது, 2014இல் நாடு முழுக்க அது அடங்கிப்போய் அப்புறம் மீண்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 இருக்கிறது, 2004இல் தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. ஜன்னல் திட்டில் இருக்கும் என் செட்டுக்கு இவை எதுவும் எட்டாது.

இனி போன். ‘ராகம்’ பெங்களூரிலிருந்து வருவது, 2016 குடியரசு தினத்தன்று தொடங்கினார்கள், இருபத்துநாலு மணி நேரமும் சாஸ்திரிய சங்கீதம். அரசு செயலியிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் கிடைக்கும். மத்திய அலை இரைச்சல் இதில் இல்லை, தம்புராவின் சுருதி அப்படியே கேட்கும். கர்நாடகமும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும். இந்துஸ்தானி எனக்கு ஆரம்பத்தில் பிடிபடவே இல்லை. ஒரே ஸ்வரத்தில் இவ்வளவு நேரம் நிற்கிறார்களே என்று இருக்கும். நேரத்தோடு சேர்த்துக் கேட்கத் தொடங்கியதும் வழி திறந்தது. காலையில் பைரவ், தோடி, உச்சியில் சாரங் வகை, விளக்கு வைத்ததும் யமன், நள்ளிரவில் தர்பாரி, மால்கௌன்ஸ். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். பூப் என்றால் மோகனம், துர்கா என்றால் சுத்த சாவேரி, யமன் நம் கல்யாணிக்குப் பக்கத்து வீடு. ஆனால் அவர்களுடைய தோடி நம் தோடி இல்லை, அது நம் சுபபந்துவராளிக்கு நெருக்கம். இது தெரியாமல் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். தெரிந்து கேட்டால் இரண்டு வீட்டுச் சமையலில் ஒரே கத்தரிக்காயைச் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

நெட் வழியாகக் கேட்பதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தாமதம். செட்டில் வருவது கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனில் வரும். ஆகவே போன் ரேடியோவை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தாதீர்கள். இரண்டு, டேட்டா. நொடிக்கு 64 கிலோபிட் ஓடை என்றால் மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி போகும். நாள் முழுக்க ஓட்டினாலும் வீடியோ அளவுக்குத் தின்னாது. ஆனால் போன் சூடாகும், நடுவில் யாராவது ‘அக்கா, ரவிக்கை ஆச்சா?’ என்று கூப்பிட்டால் ராகம் அறுந்து போகும். தையல்காரிக்குப் போன் ரேடியோ ஒத்துவராததற்கு இது ஒன்றே போதும்.

செயலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அரசு செயலி என்று நினைத்து அதே மாதிரி சின்னம் போட்ட வேறொன்றைப் பையன் இறக்கிக் கொடுத்தான். பெயர் சொல்ல வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சூதாட்ட விளம்பரம் பல்லைக் காட்டியது, அதுவும் சங்கராபரண ஆலாபனைக்கு நடுவில். யார் வெளியிட்டது என்று பார்த்து இறக்குங்கள்.

பொதுவாக வானொலியில் எனக்குக் கோபம் வரும் இடங்கள் மூன்று. பெரிய உருப்படியின் நிரவல், அதாவது ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது, உச்சத்துக்குப் போகும்போது நேரம் முடிந்து குரலை மெல்லத் தேய்த்து அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவது முதல் கோபம். எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை, கேட்கிற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். இரண்டாவது, பக்கவாத்தியக்காரர்கள் பெயரை விழுங்குவது. வயலினில் நம்மைக் கலங்க வைத்தவர் யார் என்று தெரியாமலே போவது அநியாயம். மூன்றாவது, தவறவிட்டால் போனதுதான். பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்திலிருந்து பழைய பதிவுகள் கொஞ்சம் யூடியூபில் கிடைக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் நேற்றுக் காலை உள்ளூர்க்காரர் பாடிய சாவேரி அங்கே வராது. அதற்கு யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, இந்த ஊடகத்தின் சுபாவமே அப்படி.

சனிக்கிழமை ராத்திரி தேசிய இசை நிகழ்ச்சி 1952இலிருந்து நடக்கிறது. ஒரு காலத்தில் வித்வான்கள் அதில் இடம் கிடைத்தால் தந்தி கொடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்வார்களாம். ராத்திரி மத்திய அலையில் வேறு ஒரு கூத்தும் உண்டு. பகலில் வானத்தில் உயரே இருக்கும் ஒரு அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்து, அலைகள் இன்னும் உயரம் போய்த் திரும்பி எங்கெங்கோ இறங்கும். அதனால் திருச்சி நிலையத்தின் சத்தத்துக்கு அடியில் தெரியாத பாஷையில் யாரோ முணுமுணுப்பார்கள். செட்டைக் கொஞ்சம் திருப்பினால் ஆள் போய்விடுவார். சில நாள் நான் திருப்புவதில்லை.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கடையைத் திறக்காமல் ரேடியோ முன்னால் உட்காருவேன். புஷ்ய பகுள பஞ்சமி, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. எங்களுக்கு ஒரு மணி நேரத்துப் பயணம்தான், போயும் இருக்கிறேன். காவிரிக் கரையில் அந்தப் பந்தலில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து அவருடைய பஞ்சரத்தின கீர்த்தனைகள் ஐந்தையும் பாடும்போது, நமக்குப் பக்கத்தில் இருப்பவர் குரல்தான் கேட்கும். அவர் சுருதி சேராதவராக இருந்தால் ஐந்து கீர்த்தனையும் போயிற்று. நேரடி ஒலிபரப்பில் மொத்தக் கூட்டமும் ஒரே குரலாக வரும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம். கௌளையில் வேகம் பிடிக்கும்போது கூட்டம் லேசாகச் சிதறும், புல்லாங்குழல்களும் வயலின்களும் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். ஆரபியில் எல்லாரும் தெம்பாகிவிடுவார்கள். ஸ்ரீராகத்தில் ‘எந்தரோ மஹானுபாவுலு’ எடுக்கும்போது எங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டு ரேடியோ சேர்ந்து கேட்கும், எல்லாம் செட், போன் இல்லை, அதனால் ஒரு நொடிகூட முன்பின் இருக்காது.

வாங்க நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. இப்போது கடையில் ரேடியோ என்று கேட்டால் புளூடூத் ஸ்பீக்கரைத் தூக்கிக் கொடுப்பார்கள், அதில் எஃப்.எம். மட்டும்தான் இருக்கும். ஏ.எம். அல்லது எம்.டபிள்யூ. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், மத்திய அலையைத்தான் அப்படிப் போட்டிருப்பார்கள். கடையிலேயே போட்டுப் பார்த்தால் டியூப்லைட்டுக்கு அடியில் இரைச்சல்தான் வரும், வாசலுக்கு எடுத்து வந்து கேளுங்கள். சுற்றும் முள் டயல் எனக்குப் பிடிக்கும், ஆனால் கண் தெரியாத பெரியவர்களுக்கு எண் காட்டும் செட் நல்லது. அதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் மத்திய அலை ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸாகத் தாவும். பத்துப் பத்தாகத் தாவும்படி வெளிநாட்டுக்குச் செய்த செட்டாக இருந்தால் 936இல் நிற்காது, 930இலும் 940இலும் நின்று கரகரக்கும், மாற்றும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சென்னைக்கு 720, திருச்சிக்கு 936, கோவைக்கு 999, திருநெல்வேலிக்கு 1197, புதுச்சேரிக்கு 1215, மதுரைக்கு 1269. எங்கள் பக்கத்தில் பண்பலையில் காரைக்கால் 100.3 தெளிவாக இருக்கும், அது வேறு ருசி. பேட்டரி போடுவதானால் செல் தீர்ந்தபின் உள்ளேயே விட்டு வைக்காதீர்கள், கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.